பிறவிக் கழுத்துப் புரைவழிகள்: அறிதலும் அறுவை மருத்துவமும்

பிறவிக் கழுத்துப் புரைவழி என்பது, கரு வளரும்போது தானாக மூடிக்கொள்ள வேண்டிய ஒரு பாதை மூடாமல் நின்றுவிடுவதால், கழுத்துத் தோலுக்கும் தொண்டையின் உட்புறத்துக்கும் இடையே அமையும் மெல்லிய குழாயாகும். மருத்துவர் சீட்டில் இது ‘ஃபிஸ்டுலா’ என்று எழுதப்படும். மூலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பௌத்திரமும் ஒரு ஃபிஸ்டுலாதான். ஆனால் அது பிற்காலத்தில் சீழ் பிடித்து உண்டாவது. இது பிறக்கும்போதே இருப்பது. குழாயின் இரு முனைகளும் திறந்திருந்தால் புரைவழி. ஒரு முனை மட்டும் திறந்து மறுமுனை சதைக்குள் முட்டி நின்றால் சைனஸ். இரு முனைகளும் அடைபட்டு நடுவில் நீர் தேங்கினால் நீர்க்கட்டி. மூன்றும் ஒரே குறையின் மூன்று வடிவங்கள். மூக்கடைப்பு, தலைவலியோடு சேர்த்துப் பேச்சில் சொல்லும் சைனஸ் இதனோடு தொடர்பற்றது.

உயிருக்கு உடனே ஆபத்தைத் தரும் நோயன்று இது. பல குழந்தைகளுக்குக் குண்டூசித் தலை அளவில் ஒரு துளையும், அதிலிருந்து எப்போதாவது கசியும் ஒரு சொட்டு நீருமே இதன் முழு அடையாளம். இழப்பு வருவது வேறு வழியில். சாதாரணச் சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறிவிடுவதும், கண்டமாலை என்று எண்ணி மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுப்பதும்தான் இந்நோயாளிகளுக்குப் பெரும்பாலும் நேரும் தீங்குகள். இதுவரை கத்தி படாத, சீழ் பிடிக்காத குழாயை முழுமையாக எடுத்தால் மீண்டும் வருவது நூற்றில் 3 பேர் அளவில் மட்டுமே. முன்பே சீழ் பிடித்திருந்தாலோ அரைகுறையாக அறுத்திருந்தாலோ அது 20 வரை உயர்வதாக அறுவை மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

தோன்றும் விதம்

கருவுக்கு ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும்போது, தலைக்குக் கீழே இருபுறமும் வயல் வரப்புகளைப்போல வரிசையாகச் சில சதை மேடுகள் எழுகின்றன. இவற்றுக்குச் செவுள் வளைவுகள் என்று பெயர். வரப்புகளுக்கு இடையே வெளிப்புறத்தில் பள்ளங்களும் உட்புறத்தில் பைகளும் இருக்கும். மீன்களில் இந்த இடத்தில்தான் செவுள்கள் உருவாகின்றன. மனிதக் கருவில் செவுள் ஒருபோதும் உண்டாவதில்லை. அதே மேடுகளிலிருந்து தாடை, காது எலும்புகள், நாவடி எலும்பு, குரல்வளைக் குருத்தெலும்பு, முகத் தசைகள் ஆகியவை உருவாகின்றன. பறவைகளின் கருவிலும் பாலூட்டிகளின் கருவிலும் இந்தப் பிளவுகள் இருப்பதை 1825ஆம் ஆண்டளவில் மார்ட்டின் ராத்கே என்ற ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்தார். அடுத்த சில ஆண்டுகளில், 1832இல், ஃபெர்டினாண்ட் ஆஷர்சன் என்ற மருத்துவர் பிறவிக் கழுத்துப் புரைவழிகளைப் பற்றித் தனி நூல் எழுதி, அவை மூடாமல் எஞ்சிய செவுள் பிளவுகளே என்று கூறினார். (அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளில் கிடைக்கும் சுறாப் பற்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒப்புமை வியப்பாக இராது. அந்த நிலம் கடலாயிருந்த காலத்தில் அங்கே நீந்திய மீன்களின் செவுள்களும் இதே அமைப்பிலிருந்து வந்தவைதாம்.)

இரண்டாம் வளைவு மற்றவற்றைவிட வேகமாகக் கீழ்நோக்கி வளர்ந்து, தனக்குக் கீழே உள்ள பள்ளங்களைப் போர்வைபோல் மூடிவிடும். போர்வைக்கு அடியில் சிறிது காலம் ஓர் இடைவெளி இருக்கும். ஏழாம் வாரத்துக்குள் அது சுவடின்றி மறைய வேண்டும். மறையாமல் எஞ்சுவதே புரைவழியாகவோ நீர்க்கட்டியாகவோ பின்னாளில் தெரிகிறது.

தாய் உண்டது, உடுத்தியது, கிரகண நேரத்தில் வெளியே வந்தது ஆகியவற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் தனியே வருகிறது. சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வருவதுண்டு. அங்கும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும் ஒரு மரபணுவே போதும் என்பதால், அத்தை மகனையோ மாமன் மகளையோ மணந்ததே காரணம் என்று சொல்ல இடமில்லை. குழந்தையின் தாய்மீது பழி போடும் வழக்கம் உள்ள வீடுகளில் மருத்துவர் இதை வாய்திறந்து சொல்லிவிடுவது நல்லது.

துளை இருக்கும் இடமே பாதி நோயறிதல்

கழுத்தில் காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்பு வரை சாய்வாக இறங்கும் ஒரு தசை உண்டு. தலையை ஒரு பக்கம் திருப்பினால் மறுபக்கத்தில் அது கயிறுபோல் புடைத்துத் தெரியும். இந்தத் தசையின் முன்விளிம்பில், கழுத்தின் கீழ்ப்பகுதியில் துளை இருந்தால் அது இரண்டாம் செவுள் வளைவின் புரைவழி. செவுள் குறைகளில் நூற்றுக்கு 90க்கு மேல் இவ்வகையே. சிலருக்கு இரு பக்கமும் இருக்கும். குழந்தை பால் குடிக்கும்போது அல்லது விழுங்கும்போது எச்சில்போன்ற தெளிந்த நீர் ஒரு சொட்டு வெளிவரும். சட்டைக் காலர் ஈரமாவதையும், கழுத்தில் கட்டிய தாயத்துக் கயிறு ஓரிடத்தில் ஒட்டுவதையும் கண்டு முதலில் அறிபவர் தாய்தான். ‘இந்தத் துளை எப்போதிருந்து இருக்கிறது?’ என்று அவரைக் கேட்கும் ஒரு கேள்வி பல ஸ்கேன்களைவிட அதிகம் சொல்லும்.

இந்தக் குழாய் வெளியே தெரியும் துளையோடு நின்றுவிடுவதில்லை. தோலுக்கு அடியில் மேல்நோக்கி ஏறி, மூளைக்கும் முகத்துக்கும் இரத்தம் கொண்டுசெல்லும் இரு கரோட்டிட் தமனிகளுக்கு நடுவே புகுந்து, நாக்கை அசைக்கும் நரம்புக்கு மேலாகக் கடந்து, தொண்டையில் டான்சில் இருக்கும் பள்ளத்தில் போய்த் திறக்கிறது. சிறு குழந்தையின் கழுத்தில்கூட இது விரல் நீளத்துக்குக் குறையாத பயணம்.

துளை தாடைக் கோணத்துக்கு அருகில், காதுக்குக் கீழே இருந்தால் அது முதல் வளைவைச் சேர்ந்தது. இது காதுக் குழாய்வரை செல்லும். கழுத்துத் துளையிலும் காதிலும் மாறி மாறிச் சீழ் வந்தால் இதை நினைக்க வேண்டும். முகத்தை அசைக்கும் நரம்பு இந்தக் குழாயை ஒட்டியே செல்வதால், எண்ணிக்கையில் குறைவானாலும் அறுவை மருத்துவர்கள் அதிகம் அஞ்சும் வகை இது. காதுமடலுக்கு முன்னே பலருக்கும் இருக்கும் சிறு குழி இதனின்று வேறு. தொல்லை தராதவரை அதற்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை.

மூன்றாம், நான்காம் வளைவுக் குறைகள் ஏமாற்றுபவை. இவற்றில் தோலில் துளையே இராது. குரல்வளைக்குப் பக்கத்தில் உள்ள பேரிக்காய் வடிவக் குழியிலிருந்து ஒரு நுண்குழாய் தைராய்டுவரை இறங்கும். சளி, தொண்டைவலி வந்தபின் கழுத்தின் இடப்பக்கம் வீங்கிச் சீழ் பிடிக்கும், ஆறும், மீண்டும் வரும். பெரும்பான்மையும் இடப்பக்கத்தில்தான் வருகிறது. குழந்தைக்கு இடப்பக்கக் கழுத்தில் இரண்டாம் முறை சீழ் கட்டினாலோ, தைராய்டு சுரப்பியே சீழ் பிடித்தாலோ, இது அல்ல என்று உறுதியாகும்வரை இதுவே என்று கொள்ள வேண்டும். இவர்களுக்குத் தோலில் துளை இருந்தால், அது முன்பு யாரோ சீழை எடுக்கக் கீறிய இடமாகவே இருக்கும்.

கண்டமாலையா, புரைவழியா

கழுத்து நெறிகளில் வரும் காசநோயைக் கண்டமாலை என்று ஊர்மக்கள் அழைப்பர். தமிழ்நாட்டில் கழுத்தில் நாட்பட்ட கசிவு என்றதும் மருத்துவருக்கும் மக்களுக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுவே. நினைப்பதில் தவறில்லை, நினைப்போடு நிறுத்திக்கொள்வதுதான் தவறு. இரண்டையும் பிரித்தறிய முடியும்.

கண்டமாலையில் முதலில் நெறி வீங்கும். ஒன்றோடொன்று ஒட்டிய பல கட்டிகள் கையில் தட்டுப்படும். பல வாரம் கழித்து அதில் ஒன்று மெத்தென்றாகி உடையும். உடைந்த புண்ணின் ஓரம் நீலம் பாரித்து, அடியில் குடைந்தாற்போல் இருக்கும். மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, வீட்டில் வேறொருவருக்குக் காசநோய் என்பவையும் சேர்ந்து வரலாம். பிறவிப் புரைவழியில் துளைதான் முதலில், வீக்கம் பின்னால். ஓரம் சீராக, குத்திய காதைப்போல் இருக்கும். நல்ல உடல்நிலையில் ஓடியாடும் குழந்தையாக இருக்கும். கசிவு தெளிந்த நீராகவோ சளிபோன்றோ இருந்து, கிருமி தொற்றினால் மட்டும் சீழாக மாறும்.

ஐயம் இருந்தால் ஊகிக்கத் தேவையில்லை. கசிவையோ நெறியிலிருந்து ஊசியால் எடுத்த துளியையோ சிபிநாட் சோதனைக்கு அனுப்பலாம். அரசுக் காசநோய்த் திட்டத்தில் இது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. சோதனை செய்யாமல் ‘எதற்கும் ஆறு மாதம் கொடுத்துப் பார்ப்போம்’ என்று தொடங்கும் மருந்துகள் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. ஆறு மாதம் கழித்துத் துளை அப்படியே இருக்கும். அதற்குள் இரண்டொரு முறை சீழ் பிடித்து, எளிதாயிருந்திருக்க வேண்டிய அறுவை கடினமாகியிருக்கும். மறுபக்கமும் சொல்ல வேண்டும்: காசநோய் உறுதியான ஒருவர் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

பெரியவர்களில் எச்சரிக்கை வேறு திசையில் வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் கழுத்தின் பக்கவாட்டில் முதன்முதலாக ஒரு நீர்க்கட்டி தோன்றினால், அதைப் பிறவிக் கட்டி என்று எளிதில் முடிவுசெய்யக் கூடாது. டான்சில், நாக்கின் அடி, தைராய்டு ஆகியவற்றின் புற்றுநோய் கழுத்து நெறிக்குப் பரவி, நீர் நிறைந்த கட்டிபோலவே தெரியும். புகையிலை போடும் பழக்கம் உள்ளவரிடம் வாயையும் தொண்டையையும் முழுவதுமாகப் பார்த்து, ஊசிச் சோதனையும் செய்தபின்பே அறுவையைப் பற்றிப் பேச வேண்டும்.

நடுக்கழுத்தில் இருந்தால்

தைராய்டு சுரப்பி கருவில் நாக்கின் அடியில் தோன்றி, கழுத்தின் முன்பக்கம் வழியாகத் தன் இடத்துக்கு இறங்கி வருகிறது. வந்த வழி மறையாமல் இருந்தால் நடுக்கழுத்தில் நீர்க்கட்டி உண்டாகும். நாக்கை வெளியே நீட்டச் சொன்னால் கட்டி மேலே ஏறும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். இந்தக் கட்டி பிறவியில் வருவது. ஆனால் இதன் புரைவழி பிறவியில் வருவதன்று. கட்டி சீழ் பிடித்துத் தானே உடைந்தோ, யாராவது கீறிவிட்டோ, கட்டியை மட்டும் எடுத்து வேரை விட்டோதான் நடுக்கழுத்தில் துளை உண்டாகிறது.

வேர் எங்கே என்பதை அறிய அறுவை மருத்துவத்துக்குச் சில காலம் பிடித்தது. கட்டியை மட்டும் எடுத்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது திரும்ப வந்தது. 1893இல் ஷ்லாங்கே என்ற ஜெர்மானியர் நாவடி எலும்பின் நடுப்பகுதியையும் சேர்த்து எடுத்தார். 1920இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த வால்டர் சிஸ்ட்ரங்க், எலும்போடு நிறுத்தாமல் அதற்கு மேலே நாக்கின் அடிவரை உள்ள சதையையும் குடைந்து எடுக்கும் முறையை வெளியிட்டார். மீள்வரவு நூற்றுக்குப் பத்துக்கும் கீழே இறங்கியது. நூறாண்டு கடந்தும் சிஸ்ட்ரங்க் அறுவை என்ற பெயரில் இதுவே செய்யப்படுகிறது. நாவடி எலும்பின் நடுவில் ஒரு துண்டு போவதால் பேசுவதற்கோ விழுங்குவதற்கோ நிலையான குறை வருவதில்லை. அறுவைக்கு முன் அல்ட்ராசவுண்டில் தைராய்டு சுரப்பி தன் இடத்தில் இருப்பதை உறுதிசெய்வது கட்டாயம். அரிதாகச் சிலருக்கு அந்தக் கட்டியில் இருக்கும் திசுவே உடம்பில் உள்ள ஒரே தைராய்டாக இருக்கும். அதை எடுத்துவிட்டால் வாழ்நாள் முழுதும் மாத்திரைதான்.

சோதனைகள்

எல்லாருக்கும் எல்லாச் சோதனையும் வேண்டியதில்லை. தசையின் முன்விளிம்பில் பிறந்தது முதல் துளை உள்ள குழந்தைக்குக் கண்ணால் பார்த்ததும் அல்ட்ராசவுண்டும் பெரும்பாலும் போதும். துளை வழியாகச் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது ஃபிஸ்டுலோகிராம். குழாய் எதுவரை போகிறது என்பது இதில் தெரியும். ஆனால் சளி அடைத்திருந்தால் சாயம் பாதியில் நின்று, குழாயே குட்டையானது என்று ஏமாற்றும். முன்பு அறுவை நடந்திருந்தால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தேவைப்படும். காதருகே உள்ளவற்றுக்கும் எம்.ஆர்.ஐ. உதவும். பேரிக்காய்க் குழியிலிருந்து வரும் வகைக்கு, வீக்கம் வற்றிச் சில வாரங்கள் கழித்து பேரியம் விழுங்கச் செய்து எக்ஸ்ரே எடுப்பர். வீங்கியிருக்கும்போது எடுத்தால் குழாய் அழுந்திக்கிடப்பதால் தெரியாது. கடைசி ஆதாரம், மயக்க மருந்து கொடுத்துக் குரல்வளைக்குப் பக்கத்தில் கருவியால் நேரே பார்ப்பது.

ஒரு சோதனை அடிக்கடி விடுபடுகிறது. கழுத்துத் துளையோடு காதுக்கு முன்னும் குழி இருந்தால், அல்லது குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இவ்வாறு இருந்தால், செவித்திறன் சோதனையும் சிறுநீரக அல்ட்ராசவுண்டும் செய்ய வேண்டும். செவுள், காது, சிறுநீரகம் மூன்றும் சேர்ந்து பாதிக்கப்படும் ஒரு பரம்பரை நிலை உண்டு. அதற்குக் காரணமான முதல் மரபணு 1997இல் கண்டறியப்பட்டது. கழுத்துத் துளைக்காக வந்த குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்பது அப்போதே தெரிந்தால் பேச்சைக் காப்பாற்றலாம். துளையை மட்டும் தைத்து அனுப்பிவிட்டால் தெரியாது.

அறுவை

சீழ் பிடித்திருக்கும்போது குழாயை எடுக்க முயலக் கூடாது. முதலில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. சீழ் தேங்கினால் ஊசியால் உறிஞ்சுவது. அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் மிகச் சிறிய கீறல். பிறகு ஆறு வாரம்போல் காத்திருந்து, சதை இளகியபின் அறுவை. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவதாலும் சூடு வைப்பதாலும் தோல் வெந்து தழும்பாவதைத் தவிர வேறு பயனில்லை. பௌத்திரத்துக்குக் காரநூல் கட்டுவதைப்போல் இதற்கும் கட்டலாமே என்று கேட்பவர் உண்டு. அங்கே நூல் மெல்ல அறுத்துத் திறப்பது சதையை. இங்கே வழியில் இருப்பவை கரோட்டிட் தமனிகள்.

எந்த வயதில் செய்வது என்பதில் மருத்துவர்களிடையே வேறுபாடு உண்டு. ஒரு வயதுக்குள் செய்பவரும் உளர். மயக்க மருந்தை நன்கு தாங்கும் வயது வரட்டும் என்று இரண்டு மூன்று ஆண்டு பொறுப்பவரும் உளர். முதல் சீழுக்கு முன் செய்துவிட வேண்டும் என்பதில் வேறுபாடில்லை.

இரண்டாம் வளைவுப் புரைவழிக்கு முழு மயக்கம் கொடுத்து, துளையைச் சுற்றிக் கண் வடிவில் தோலைக் கீறுவர். துளைக்குள் மெல்லிய கம்பியையோ நீலச் சாயத்தையோ செலுத்திக் குழாயை அடையாளம் கண்டு, சுற்றியுள்ள சதையிலிருந்து பிரித்தபடி மேலே போவர். சாயத்தை அழுத்திச் செலுத்தினால் குழாய் கிழிந்து பக்கமெல்லாம் நீலமாகி, எது குழாய், எது சதை என்று தெரியாமல் போகும். எனவே கை நிதானம் வேண்டும். கீழ்க் கீறலிலிருந்து எட்டாத இடத்தில், தோல் மடிப்பின் வழியே ஏணிப்படிபோல் இன்னொரு சிறு கீறல் போடுவர். நீளவாட்டில் ஒரே பெரிய கீறலைவிட இவ்விரு சிறு கீறல்களும் பிற்காலத்தில் கண்ணுக்கே தெரியாது. தமனிகளின் கவைக்கு மேலே போகும்போது, மயக்க மருத்துவர் வாய் வழியாக விரலை விட்டு டான்சில் பள்ளத்தை வெளிநோக்கி அழுத்திக் கொடுப்பதுண்டு. குழாயின் முடிவை அங்கே கட்டி அறுப்பர். எடுத்த குழாய் முழுவதும் திசு ஆய்வுக்குப் போகும்.

காதருகே உள்ள வகையில் முதலில் முகநரம்பைக் கண்டுபிடித்து, அதன் கிளைகளைக் காப்பாற்றிக்கொண்டே குழாயை எடுக்க வேண்டும். சில வேளை உமிழ்நீர்ச் சுரப்பியின் மேற்பகுதியையும் எடுக்க நேரும். இவ்வறுவையை நாளும் பழகிய கை செய்வதே முறை. பேரிக்காய்க் குழி வகைக்கு இப்போது கத்தியில்லாத வழியும் வந்துள்ளது: வாய் வழியாகக் கருவியைச் செலுத்தி, உள்துளையை மின்சூட்டாலோ வேதிப்பொருளாலோ சுட்டு மூடிவிடுகின்றனர். சிலருக்கு இதை இரண்டாம் முறை செய்ய வேண்டிவரும்.

அறுவைக்குப்பின் பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்புவர். காயத்தில் இரத்தம் தேங்கி வீங்குவது, கிருமித் தொற்று, நாக்கு நரம்போ கீழுதட்டு நரம்போ தற்காலிகமாகச் சோர்வது ஆகியவை நேரக்கூடியவை. கழுத்து வேகமாக வீங்கி மூச்சுத் திணறினால் நேரம் பாராமல் மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.

பெரம்பலூரிலும் அரியலூரிலும்

ஒரே மாவட்டமாக இருந்து, 2007இல் மீண்டும் பிரிந்த இவ்விரு மாவட்டங்களிலும் நெடுங்காலம் இத்தகைய அறுவைக்குத் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போவதே வழக்கமாயிருந்தது. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. பெரம்பலூரில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையும், அருகே சிறுவாச்சூரில் தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. மருத்துவக் கல்லூரி என்றால் காது மூக்கு தொண்டை, பொது அறுவை, கதிரியக்கத் துறைகள் இருந்தாக வேண்டும். ஆகவே நோயறிதலுக்கும் சாதாரண இரண்டாம் வளைவுப் புரைவழிக்கும் நடுக்கழுத்துக் கட்டிக்கும் வெளியூர் அலைச்சல் முன்புபோல் கட்டாயமில்லை. கைக்குழந்தைகள், முகநரம்பை ஒட்டியவை, ஏற்கெனவே ஒருமுறை அறுத்துத் திரும்ப வந்தவை ஆகியவற்றுக்குக் குழந்தை அறுவைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரை கேட்டு வாங்குவதே நல்லது.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வருகின்றன. அவர்களின் பட்டியலில் உதடு பிளவு, வளைந்த பாதம், பிறவி இதயக் குறை ஆகியவை உண்டு. கழுத்துத் துளை தனியே இல்லை. எனவே சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழுத்தைக் காட்டிப் பெற்றோரோ ஆசிரியரோ சொன்னால்தான் குறிப்பில் ஏறும். கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் சொல்வதும் அதே பயன் தரும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், தனியார் மருத்துவமனையில் சேருமுன் அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடம் இந்த அறுவை திட்டத்தில் வருமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். குழந்தையின் பழைய சீட்டுகள், ஸ்கேன் படங்கள், முன்பு கீறியிருந்தால் எங்கே எப்போது என்ற விவரம், திசு ஆய்வு அறிக்கை ஆகியவற்றைச் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். வேலை தேடித் திருப்பூருக்கோ சென்னைக்கோ இடம்பெயரும் குடும்பங்களில் இந்தக் காகிதங்கள்தான் முதலில் தொலைகின்றன. இரண்டாம் முறை அறுக்கும் மருத்துவருக்கோ, முதலாமவர் குழாயை எந்த இடம்வரை எடுத்தார் என்று எழுதிய அந்த ஒரு வரிதான் தேவை.